முதலாளி வயலுக்குப் போயிருக்கிறார்

மருதமுனை
20.11.2023

அன்புள்ள சம்மந்தி ஹுஸ்னியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வெலிமடைக் குளிரில் உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே நாங்கள் எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். கல்யாண வேலையில் ஓடித் திரிந்த கால் வீக்கம் எனக்கு இப்போதுதான் வற்றுகிறது.

உங்கள் மகன் பஸால் தங்கமான பிள்ளை. என் மகள் சிபானாவின் முகத்தில் சிரிப்பு குறையவில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி வீட்டை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நானும் இவரும் பின்வளவில் கட்டிய இரண்டு அறைக்கு மாறிவிட்டோம். இனி இது மருமகன் வந்து குடியேறிய வீடு. அவர் மனம் கோணாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு எந்நேரமும் யோசனை.

போன கிழமை அவருடைய புத்தகப் பெட்டிகளோடு வந்த இரண்டு பேட்டுக் கோழிகளும் சுகம். புத்தகத்தில் இந்த இனத்துக்குப் பிரமா என்று பெயராம். காற்சட்டை போட்ட மாதிரிக் கால்விரல் வரைக்கும் இறகு இருப்பதால் எங்கள் ஒழுங்கைச் சனம் ‘களிசான் கோழி’ என்று பெயர் வைத்துவிட்டது. எவ்வளவு சாது! பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளை ஒன்றைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வளவு முழுக்கச் சுற்றியது. ஊர்க்கோழி என்றால் முகத்தைக் கிழித்திருக்கும். உச்சி வெயிலில்தான் இரண்டுக்கும் மூச்சு வாங்குகிறது. குழாயடி ஈர மணலில் படுக்க விட்டிருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பக்கத்தில், மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்துக்கு முதல் நாள் ஒரு சேவலை அனுப்பினால் அதற்கு என்ன கருத்து? அந்த மாதிரிச் சேவல் அங்கே இன்னொன்று கிடைக்குமா? நிறமும் உயரமும் அச்சொட்டாக அதே மாதிரி இருக்க வேண்டும். சும்மா அறிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

போனில் கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் போன் அடித்தால் இவர் ஸ்பீக்கரில் போட்டு ஒழுங்கைக்கே கேட்கக் கதைப்பார். வொய்ஸ் அனுப்பினால் சிபானா திறந்து கேட்பாள். அதனால்தான் கடிதம். பதிலையும் கடிதமாகவே என் பெயருக்குப் போடுங்கள்.

வஸ்ஸலாம்.
உங்கள் துஆவை நாடும்,
றாஹிலா


வெலிமடை
29.11.2023

அன்புள்ள சம்மந்திக்கு,

வஅலைக்கும் ஸலாம். மூட்டும் வலியும் ஒன்றை ஒன்று பிரிய மாட்டோம் என்கின்றன. மற்றப்படி சுகம். உங்கள் வீட்டுக்காரர் முகைதீன்பாவா காக்காவுக்கும் சிபானா மகளுக்கும் என் ஸலாம்.

கடிதம் முழுக்கப் பேடுகளின் சுகம் எழுதியிருக்கிறீர்கள். சேவலின் சுகம் ஒரு வரி கூட இல்லை.

அதன் பெயர் முதலாளி. நெஞ்சைத் தள்ளிக்கொண்டு, கடையைப் பார்வையிட வந்தவர் போல நடப்பதால் பஸால் வைத்த பெயர் அது. கொரோனாவில் ஊர் அடைபட்டுக் கிடந்தபோது அவனே அடைக்கு வைத்துப் பொரித்த குஞ்சு. அவன் மேசையில் இருந்து படித்தால் அது காலடியில் படுத்திருக்கும். வாப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளை, கூடப்பிறந்தவரும் இல்லை. அதனால் அந்தச் சேவலோடு கதைத்தே பழகிவிட்டான்.

ஏன் முதல் நாளே அனுப்பினேன் என்றால், அவன் உங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போது பழகிய முகம் ஒன்று அங்கே இருக்கட்டும் என்றுதான். அழகுக்குக் கழுத்தில் சிவப்பு நாடாவும் கட்டினேன்.

சேவல் எப்படி இருக்கிறது?

வஸ்ஸலாம்,
ஹுஸ்னியா


மருதமுனை
06.12.2023

அன்புள்ள சம்மந்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைக் கேட்காதீர்கள்.

உங்கள் கடிதத்தைக் குசினி அடுப்படியில் நின்று திரும்பத் திரும்ப வாசித்தேன். மறைத்து எழுத எனக்கு வராது. சொல்லிவிடுகிறேன். முதலாளியை நாங்கள் சமைத்துவிட்டோம்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு அடுத்த காலை மாப்பிள்ளைக்குச் சேவல் கறி ஆக்கி வைக்க வேண்டும். பெண்ணின் உம்மா ஊரிலேயே பெரிய சேவலைத் தேடிப் பிடித்தாள் என்று பெயர் எடுக்க வேண்டும். நானும் மருதமுனை முழுக்கத் தேடினேன். எல்லாம் கையளவு சேவல். அந்த நேரம் பார்த்து உங்கள் வீட்டு லொறி வந்து நிற்கிறது. தொதல் தட்டு, மஸ்கட் தட்டு, பூந்தித் தட்டு, அவற்றுக்கு நடுவில் சிவப்பு நாடா கட்டிக்கொண்டு ஆட்டுக்குட்டி அளவில் ஒரு சேவல்! மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வழக்கத்தை விசாரித்து அறிந்து, நான் கஷ்டப்படக் கூடாது என்று தாங்களே அனுப்பியிருக்கிறார்கள், எவ்வளவு பெரிய மனசு என்று நான் கண்ணைத் துடைத்தேன்.

சுபஹுத் தொழுகைக்கு முன்னே இவர் கிணற்றடியில் வைத்து அறுத்தார். பிடிக்கப் போனபோது அது ஓடவில்லை. தானாகவே வந்து இவர் மடியில் ஏறியது. அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டாமா?

மருமகன் சாப்பிடுவதைத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மெதுவாகத்தான் சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் கறி போட்டுக்கொண்டார். “நல்லா ஈக்கி மாமி” என்று உங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னார். எனக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது.

பின்னேரம் வளவுக்குள் வந்து நின்று கேட்டார்: “மாமி, முதலாளி எங்க?”

எந்த முதலாளி என்று கேட்டேன். சொன்னார். முதல் நாள் லொறியில் வந்த சேவலாம், அவர் வளர்த்ததாம். நான் வாயைத் திறக்க முதல் இவர் முந்திக்கொண்டார். “அது வயலுக்குப் போயிருக்கி மகன். இஞ்ச கல்யாணச் சனம் கூட. நாவிதன்வெளி வாடிக் கொட்டில்ல கொண்டு விட்டிருக்கன், நல்ல காத்துப் படட்டும் எண்டு.”

அன்று தொடங்கியது. மருமகன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சேவலின் சுகம் விசாரிக்கிறார். இவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு கதை விடுகிறார். ஒரு கிழமை, சேவல் மாமர உச்சியில் ஏறி நின்று கூவுகிறதாம். அடுத்த கிழமை, யானை வந்ததைக் கண்டு கூவிக் காவல்காரரை எழுப்பி வயல் வட்டை முழுக்க நின்ற வேளாண்மைப் பயிரைக் காப்பாற்றியதாம். மருமகன் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அதுக்குப் பொறகு என்ன நடந்திச்சி மாமா?” என்கிறார். கேட்கக் கேட்க இவருக்கு உற்சாகம் கூடுகிறது.

மழை விட்டதும் மருமகன் வயலுக்குப் போய்ப் பார்க்கப் போகிறாராம். இப்போதைக்கு வாய்க்கால் ரோட்டின் மேல் வெள்ளம் ஓடுகிறது. ஊரெல்லாம் மழை நிற்கட்டும் என்று துஆ கேட்கிறது, நான் மட்டும் இன்னும் கொஞ்சம் பெய்யட்டும் என்கிறேன். அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

உண்மை தெரிந்தால் அவர் இந்த வீட்டில் ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்பாரா? பெண் வீட்டை நம்பி வந்த பிள்ளைக்கு முதல் காலையே இப்படிச் செய்துவிட்டோமே. உங்கள் காலில் விழுகிறேன், அதே மாதிரி ஒரு சேவல் தேடித் தாருங்கள். அவருக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள். சிபானாவுக்கும் நான் சொல்லவில்லை. அவள் முகம் எதையும் மறைக்காது.

வஸ்ஸலாம்,
பாவி றாஹிலா


மருதமுனை
27.12.2023

அன்புள்ள ஹுஸ்னியா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் பதில் வரவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் சட்டியை அடுப்பில் விட்டுவிட்டு ஓடுகிறேன். இரண்டு தடவை சோறு அடிப்பிடித்துவிட்டது.

சம்மந்தி என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. அக்கா முறை வைத்து ராத்தா என்றே எழுதுகிறேன். கோபம் என்றால் திட்டி எழுதுங்கள். திட்டாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

மழை குறைகிறது. இவர் போன வெள்ளி சொன்ன கதைப்படி, வீரமுனையில் ஒருவர் சேவலைக் கண்டு ஆசைப்பட்டு இரண்டு மூட்டை நெல்லுக்கு விலை பேசினாராம். இவர் கொடுக்க மாட்டேன் என்று சொன்னாராம். சொல்லும்போது இவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இல்லாத சேவலை விற்காமல் காப்பாற்றிய பெருமை!

உங்கள் உடம்புக்கு ஏதும் இல்லையே? அதையாவது எழுதுங்கள்.

வஸ்ஸலாம்,
றாஹிலா


வெலிமடை
04.01.2024

அன்புள்ள தங்கச்சி றாஹிலாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். எனக்கு ஒன்றும் இல்லை. கோபமும் இல்லை. பல நாள் பேனாவை எடுத்தேன், வைத்தேன். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

முதலாளியோடு ஒரே அடையில் பொரித்த சேவல் ஒன்று இருக்கிறது. பதுளை ரோட்டில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் இப்றாஹிம் நானாவுக்கு அதைக் குஞ்சிலேயே கொடுத்திருந்தோம். கேட்டபோது ‘பிள்ளையைக் கேட்கிற மாதிரிக் கேட்கிறீங்க’ என்றார். இரண்டு வெடைக் கோழிகளைக் கொடுத்து மனதைக் கரைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் கிழங்குக் கூடைக்குள் வரும். கல்முனை பஸ் நிலையத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாளிக்கு மணி மாதிரிக் குரல். இதற்குக் கொஞ்சம் கரகரப்பு. மற்றப்படி இரண்டையும் ஒன்றாக நிறுத்தினால் எனக்கே தெரியாது. கால் இறகில் சேறு காய்ந்து இறுகினால் விரல் புண்ணாகும், அதனால் கழுவித் துடைத்து வையுங்கள்.

காக்காவிடம் ஒன்று சொல்லுங்கள். இந்த இனம் மரம் ஏறாது. உடம்புப் பாரத்துக்கு நாம் குந்தும் கதிரை உயரம் ஏறினாலே பெரிய காரியம். மாமர உச்சியை அவர் எங்கே கண்டார் என்று தெரியவில்லை. யானையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதன் கழுத்தில் நாடா கட்டவில்லை.

வஸ்ஸலாம்,
ஹுஸ்னியா


மருதமுனை
15.01.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் நூறு வயசு சுகமாக வாழ வேண்டும்! சேவல் வந்து சேர்ந்தது. கூடையைத் திறந்ததும் அது வெளியே வந்து, ஏதோ நாங்கள் பஸ்ஸில் வந்த மாதிரி, எங்களைத் தலையைச் சரித்துப் பார்த்தது.

நேராக வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்றேன். இவர் ஒப்பவில்லை. இரண்டு நாள் நாவிதன்வெளி வாடியில் வைத்துவிட்டுத்தான் கொண்டுவருவேன் என்றார். ஏன் என்று கேட்டால், “ரெண்டு நாளாவது வயல்ல நிண்டாத்தான் நான் சொன்னதில கொஞ்சமாவது உண்மையாகும்” என்கிறார். இவரோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். எனக்குச் சுவனம் நிச்சயம்.

வந்தபோது களிசான் முழுக்கச் சேறு. ஷாம்பூ போட்டுக் கழுவினோம். வாயைத் திறக்காமல் நின்று குளித்தது.

மருமகன் வேலை விட்டு வந்தார். நீர்ப்பாசனக் கந்தோரில் அன்று ஏதோ கூட்டமாம், களைத்துப் போயிருந்தார். சேவலைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். அவர் மணலில் குந்தினார். சேவல் போய் மடியில் ஏறியது. அவர் அதன் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பிறகு நிமிர்ந்து, “மெலிஞ்சி போயிட்டாரு மாமி. கொரலும் மாறி ஈக்கி” என்றார்.

“வயல் காத்து மகன், தொண்டை கட்டிட்டு” என்றார் இவர்.

“இனி இவரை வயலுக்கு அனுப்பாதீங்க மாமா.”

முடிந்தது ராத்தா! அன்று இரண்டு மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். கீரைதான். கறி தின்ன எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

வஸ்ஸலாம்,
றாஹிலா


வெலிமடை
26.01.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

வஅலைக்கும் ஸலாம். நல்லபடி முடிந்ததில் சந்தோஷம். தோள் குலுங்கியது என்று எழுதிய இடத்தை இரண்டு தடவை வாசித்தேன்.

இந்தப் பேடுகளுக்கு அடை ஆசை கூட. மூலையில் சிறகைப் பரத்திக்கொண்டு படுத்தால் முட்டையை அடியில் வையுங்கள். கூட்டின் வாசல் தாழ்வாக இருக்கட்டும்.

மகன் நன்றாகச் சாப்பிடுகிறானா? சிபானாவோடு சிரித்துக் கதைக்கிறானா? போனில் கேட்டால் ‘ஓம் உம்மா, ஓம் உம்மா’ என்பான். உங்கள் கண்ணால் கண்டதை எழுதுங்கள்.

இங்கே முட்டை மிஞ்சுகிறது. ஒரு ஆளுக்கு எத்தனைதான் பொரிப்பது.

வஸ்ஸலாம்,
ஹுஸ்னியா


மருதமுனை
03.03.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இவர் அறுவடையில் நிற்கிறார். வீடெல்லாம் வைக்கோல் தூசி, தும்மித் தும்மித்தான் எழுதுகிறேன். உங்கள் சுகம் எப்படி?

பேடுகள் குஞ்சு பொரித்துவிட்டன! முட்டை ஓட்டை விட்டு வரும்போதே காலில் பூனை மயிர் மாதிரி இறகு. ஒழுங்கை முழுக்க வந்து பார்க்கிறது, எனக்கு ஒன்று உனக்கு ஒன்று என்று முன்பதிவு வேறு. சேவல் குஞ்சுகளுக்குக் காவலாக நிற்கிறது. ஒன்று இரண்டு அதன் முதுகிலேயே ஏறிக் குந்தியிருக்கும், அது அசையாது. மகனைக் கேட்டீர்களே, மகனும் சிபானாவும் பின்னேரம் வந்தால் குஞ்சுகளுக்குப் பக்கத்தில்தான். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் என் குசினிக்குக் கேட்கும். வயிறாரச் சாப்பிடுகிறார். இரவில் இவரோடு இருந்து கதை கேட்கிறார். சேவல் வீட்டுக்கு வந்த பிறகும் பழைய வயல் கதைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறார். இவர் ஒவ்வொரு தடவையும் யானைக்கு உயரத்தைக் கூட்டுகிறார்.

எல்லாம் நன்றாக இருப்பதுதான் எனக்கு இப்போது தாங்கவில்லை.

முந்தாநாள் மகன் ஒரு குஞ்சை எடுத்து என் கையில் வைத்து, “இது ஒங்களுக்கு மாமி. முதலாளிட புள்ள” என்றார். அது கையில் சூடாக இருந்தது. இவ்வளவு அன்பான பிள்ளையை இன்னும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேனே.

நோன்பு வருகிறது. நோன்புக்கு முதல் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டு மனதைச் சுத்தமாக்கிக்கொள்வோம். இதைத் தொண்டையில் வைத்துக்கொண்டு எப்படி நோன்பு நோற்பது? மகனிடம் சொல்லிவிடப் போகிறேன். சொன்ன பிறகு அவர் உங்களிடம் திரும்பிப் போக வேண்டும் என்றால் என்ன செய்வேன்? சிபானாவின் கதி? நீங்கள் சொன்னபடி நடப்பேன்.

வஸ்ஸலாம்,
றாஹிலா


வெலிமடை
07.03.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

வஅலைக்கும் ஸலாம். எல்லோரும் சுகமாக நோன்பைச் சந்திக்க அல்லாஹ் அருள் புரியட்டும்.

சொல்லுங்கள். இதற்கு மேல் எழுதினால் என் வாய் நிற்காது.

வஸ்ஸலாம்,
ஹுஸ்னியா


மருதமுனை
13.03.2024

ராத்தா!

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு முபாரக். சுகம் விசாரிக்க மாட்டேன். நீங்கள் நல்ல சுகமாக, சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள் என்று இப்போது எனக்குத் தெரியும்!

பிறை பார்க்கும் நாள் பின்னேரம், மகன் கிணற்றடியில் குந்தியிருந்து பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சேவலின் கால் இறகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். காலையிலிருந்து பாடமாக்கி வைத்திருந்த பேச்சு ஒரு சொல் கூட வரவில்லை.

“மகன், நோன்பு வருகுது. என்னய மன்னிச்சிரு. அது முதலாளி இல்ல. முதலாளிய நாங்க...” என்றேன்.

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

“தெரியும் மாமி.”

“என்ன தெரியும்?”

“அண்டைக்கு சுபஹுக்குக் கை கால் கழுவி ஒளு எடுக்க இஞ்ச வந்தேன். கெணத்தடியில எறகு கெடந்திச்சி. கால் எறகு. இந்த ஊர்ல வேற எந்தக் கோழிக்கு அது ஈக்கி?”

ராத்தா, நான் அப்படியே ஈர மணலில் குந்திவிட்டேன். சாப்பிட முதலே தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டு வந்துதான் பாயில் இருந்திருக்கிறார். தெரிந்துகொண்டுதான் இரண்டாம் தடவையும் கறி கேட்டிருக்கிறார்.

“தெரிஞ்சிமா மகன் சாப்பிட்ட?” என்றேன்.

“நீங்க திரைக்குப் பின்னால நிண்டு பாத்துக்கிட்டு இருந்தீங்க மாமி. முந்தானை தெரிஞ்சிச்சி. நான் சாப்புடாட்டி நீங்க என்ன ஆகியிருப்பீங்க?” என்றார். பிரஷ்ஷை மறுபடி கையில் எடுத்தார். “மொத வாய்தான் எறங்கல்ல. பொறகு நெனச்சேன், மொகம் தெரியாத என்னைய நம்பி இந்த வீட்டையே குடுத்தவங்க, வேணுமெண்டு செய்வாங்களா?”

நான் அழுத அழுகையில் சிபானா ஓடி வந்தாள். பார்த்தால் அவளுக்கும் எல்லாம் தெரியும்! முகம் எதையும் மறைக்காது என்று எழுதினேனே, அந்த மகள்தான். அன்று மகன் சேவலின் முதுகில் முகத்தைப் புதைத்துத் தோள் குலுங்கியதும் அழுகை இல்லையாம். “சிரிப்பை அடக்கேலாமப் போச்சி மாமி. மாமா தொண்டை கட்டினதெண்டு சொல்லுற நேரம் செத்தே போயிருப்பேன்.”

ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்டேன். “அண்டைக்குப் பின்னேரம் முதலாளி எங்க எண்டு கேட்டதே, நீங்க சொன்னா பரவால்ல எண்டு முடிக்கத்தான் மாமி. மாமா அவரை வயலுக்கு அனுப்பிட்டாரு” என்று சேவலைத் தடவினார். “சொன்னா மாமா கதையை நிப்பாட்டிருவாரே. எனக்கு வாப்பா கதை சொன்ன ஞாபகம் இல்ல மாமி” என்றார்.

இவர் வயலால் வந்ததும் விஷயத்தைச் சொன்னோம். தலையைக் குனிந்துகொண்டு, சாரத்தில் ஒட்டிய வைக்கோலை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நான் பயந்துவிட்டேன். கடைசியில் நிமிர்ந்து, “அப்ப அந்த யானைக் கதையையும் நீ நம்பல்லியா மகன்?” என்றார்.

“அதை நம்பினேன் மாமா” என்றார் மகன்.

இப்போது எனக்கு ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கும் முதலிலிருந்தே தெரியுமாம்! நான் பாவி என்று கையெழுத்துப் போட்டு உருகி உருகி எழுதியதை எல்லாம் வாசித்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். பெருநாளைக்கு இங்கே வாருங்கள். நேரில் சண்டை பிடிக்க வேண்டும்.

வஸ்ஸலாம்,
கோபத்தோடும் அதைவிடக் கூடிய சந்தோஷத்தோடும்,
றாஹிலா


வெலிமடை
24.03.2024

அன்புள்ள தங்கச்சி றாஹிலாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நோன்பெல்லாம் எப்படிப் போகிறது? இங்கே குளிருக்குத் தாகம் தெரியவில்லை. இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கிய பிறகு மூட்டுவலியும் தெரியவில்லை.

ஓம், எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு அடுத்த நாளே மகன் போன் எடுத்தான். சொல்லும்போது அழுதான். அழுது முடித்துவிட்டு, மாமிக்குத் தெரிய வேண்டாம், சொல்லிவிடாதீங்க உம்மா என்று சத்தியம் வாங்கினான். அவனுக்கு ஆறிவிட்டது. எனக்கு ஆறவில்லை தங்கச்சி. எங்கள் பக்கத்தில் மருமகள்தான் வீட்டுக்கு வருவாள். உங்கள் ஊர் வழக்கத்துக்கு ஒப்புக்கொண்டு, இருந்த ஒரே பிள்ளையை அனுப்பிவிட்டு வெறும் வீட்டில் இருக்கிறேன். போன இடத்தில் முதல் காலையே இப்படி என்றால், இவர்கள் எப்படிப்பட்ட சனமோ என்று கலங்கினேன். உங்கள் முதல் கடிதம் வந்தபோது, ‘சும்மா அறிந்துகொள்ளத்தான்’ என்ற வரியைக் கண்டு எரிச்சல்தான் வந்தது. சேவலின் சுகம் கேட்டு எழுதியது வேண்டுமென்றுதான். என்னிடமும் மறைப்பீர்களா என்று பார்த்தேன்.

அடுத்த கடிதத்தில் நீங்கள் எதையும் மிச்சம் வைக்காமல் எழுதினீர்கள். மடியில் ஏறியதைக் கூட எழுதினீர்கள். அதை எழுதாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு ஏன் பதில் எழுதச் சுணங்கியது என்றால், பேனாவை எடுத்தால் ‘அவனுக்குத் தெரியும்’ என்றே கை எழுதப் பார்த்தது. மகனுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், நீங்கள் தபால்காரருக்குப் பின்னால் ஓடுவது ஒரு பக்கம். சேவலை அனுப்பச் சொன்னவனும் அவன்தான். ‘மழை விடப் போகுது, மாமாட கதையும் முடியப் போகுது உம்மா, சுருக்கா அனுப்புங்க’ என்றான்.

பெருநாளைக்கு முதல் நாள் வருகிறேன். எனக்காக எதையும் அறுக்க வேண்டாம். உங்கள் கடல் கீரி மீன் ஆணம் போதும்.

சண்டை பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பிடியுங்கள். ஆனால் சாப்பிடும் நேரம் திரைக்குப் பின்னால் மட்டும் நிற்காதீர்கள். ஒரே சஹன் தட்டில் சோற்றைப் போட்டு, நம் மகனை நடுவில் வைத்து, ஒரு பக்கம் நீங்களும் மறு பக்கம் நானும் இருந்து சாப்பிடுவோம். இரண்டு உம்மாமாரும் ஒரு பிள்ளையும் ஒரு தட்டில் சாப்பிடுவதை ஒழுங்கைச் சனம் வேண்டுமானால் திரைக்குப் பின்னால் நின்று பார்க்கட்டும்.

வஸ்ஸலாம்,
உங்கள் ராத்தா
ஹுஸ்னியா